நெல்லிக்காய்க் கட்டுரைக்கு ஒரு திருத்தம்

1

மூன்று வருடங்களுக்கு முன்னால் இதே பத்திரிகையில் நெல்லிக்காயைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். புத்தாயிரம் பிறந்த வருடத்துப் பொங்கல் இதழ். நடுப்பக்கத்தில் மேலே ஒரு கொத்து நெல்லிக்காய்ப் படம், கீழே ‘மெல்போர்னிலிருந்து ஜோசப்’ என்று என் பெயர். அந்தக் கட்டுரையில் ஒரு வரி தப்பு. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வரியைத் திருத்த இத்தனை பக்கமா என்று ஆசிரியர் கேட்பார். ராயபுரத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர், கேட்க உரிமை உண்டு. ஆனால் இந்த முறை அவர் ஒரு வார்த்தையையும் வெட்டக்கூடாது.

தப்பான வரி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘தினமும் காலையில் இரண்டு நெல்லிக்காயின் சாற்றைக் குடித்துவந்தால் சர்க்கரை உள்ளவர்களுக்கு மாத்திரைக்கே வேலை இருக்காது.’ அந்தப் பக்கத்தை வெட்டி எங்கேயாவது ஒட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து ஒருவர் ஒட்டி வைத்திருக்கிறார். என் அக்கா ஸ்டெல்லா. அவள் வீட்டுப் பீரோ கதவில், குழந்தை இயேசு படத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.

2

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை. இங்கே இப்போது குளிர்காலம். ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் எனக்குக் காலை ஷிப்டு, மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். தபால்பெட்டியில், முகவரி தெரியும்படி ஜன்னல் வைத்த அரசாங்க உறை ஒன்று கிடந்தது. இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது, ஜன்னல் உறையை இன்னும் நானாகப் பிரிப்பதில்லை. அதில் நல்ல சேதி வந்து நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் தின்பண்டங்களைச் சோதிக்கும் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. அக்கா அனுப்பிய பார்சலைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். ஒவ்வொரு வருடமும் நெல்லிக்காய் மலிவாக வரும் மாதங்களில் அக்கா கூடை கூடையாக வாங்கி, கொட்டையை எடுத்து, உப்புப் போட்டு, மொட்டை மாடியில் காயவைத்து எனக்கு வற்றல் அனுப்புவாள். மேலே ஒரு லுங்கியை மடித்துப் போட்டு, பெட்டியில் ‘துணி’ என்று எழுதிவிடுவாள். ‘அப்படிச் செய்யாதே, மாட்டிக்கொண்டால் வம்பு’ என்று வருடா வருடம் சொல்வேன். வருடா வருடம் அது வந்து சேர்ந்துவிடும், நானும் வாயை மூடிக்கொண்டு தின்றுவிடுவேன். இந்த வருடம் மாட்டிக்கொண்டது.

படிவங்களை இப்போதெல்லாம் என் மகள் ரீனாதான் படிப்பாள். பதின்மூன்று வயது. என் ஆங்கிலம் பட்டறைக்குப் போதும், அரசாங்கத்துக்குப் போதாது. பள்ளி விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தாள். ஒரு கையில் ரொட்டித் துண்டோடு, நின்றபடியே, பெட்டியில் என்னென்ன இருந்தது என்ற பட்டியலை வாசித்தாள். உலர்ந்த பழம், பழுப்பு நிறம், சுமார் இரண்டு கிலோ. பழத்தின் மேல் கறுப்புத் தூள், என்னவென்று தெரியவில்லை. கட்டம் போட்ட பருத்தித் துணி ஒன்று. காகித உறைகள் பதினொன்று, ஒவ்வொன்றிலும் வெள்ளை மாத்திரைகள் இருபத்துநான்கு.

“மாத்திரையா? சரியாப் படி” என்றேன்.

சரியாகத்தான் படித்திருக்கிறாள். உறைகளின் மேல் கையால் எழுதியிருந்ததையும் அந்த அலுவலகக்காரர்கள் விடாமல் குறித்திருந்தார்கள். ஸ்டெல்லா, பெண், ஐம்பத்துநான்கு வயது. அதற்குக் கீழே மருந்தின் பெயர். ரீனா அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தாள். “டாட், இது உங்க மாத்திரை இல்லே?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மேஜைமேல் என்னுடைய டப்பா இருந்தது. அதே பெயர்தான்.

எனக்குச் சர்க்கரை இருப்பது அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னால்தான் தெரிந்தது. அக்காவுக்குப் பத்து வருடமாக உண்டு. போனில் அவளிடம் சொன்னபோது, “இங்கே பெரிய டாக்டரைப் பார்க்கவே மூணு வாரம் காத்துக் கெடக்கணும்க்கா” என்று புலம்பினேன். எனக்குப் புலம்பினால்தான் சோறு செரிக்கும். உண்மையில் சின்ன டாக்டர் அன்றைக்கே சீட்டு எழுதித் தந்துவிட்டார், அன்று சாயங்காலமே நான் முதல் மாத்திரையை விழுங்கியும்விட்டேன். அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கவலை வந்தால் கணக்குப் போடுவது என் வழக்கம். பெரியாஸ்பத்திரி சர்க்கரை வரிசையில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை போய் மாத்திரை வாங்கவேண்டும், ஊருக்குப் போயிருந்தபோது நானே அவளோடு நின்றிருக்கிறேன். காலை ஒன்று, இரவு ஒன்று, பதினாலு நாளுக்கு இருபத்தெட்டு. பதினோரு உறை என்றால் இருபத்திரண்டு வாரம். ஐந்து மாதம். ஐந்து மாதமாக அக்கா மாத்திரை சாப்பிடவில்லை. உறைக்கு நான்கு மட்டும் ஏன் குறைகிறது என்றுதான் புரியவில்லை. ரீனா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், கையில் இருந்த ரொட்டியை மறந்துவிட்டாள்.

3

அந்தக் கட்டுரையை நான் எழுதிய கதையையும் சொல்லவேண்டும்.

ஆசிரியர் பொங்கல் இதழுக்கு ஏதாவது கேட்டார். அப்போது இங்கே ஓர் இந்தியக் கடையில் நெல்லிக்காயை முதன்முதலாகப் பார்த்திருந்தேன். உறையவைத்த காய், பாலித்தீன் பையில். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கடை வாசலிலேயே கண் கலங்கி நின்றேன். பள்ளிக்கூட வாசலில் தள்ளுவண்டிக்காரர் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவாரே, அந்த நெல்லிக்காய். தின்றுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் குடிப்போம். குழாயில் மஞ்சளாக வந்த நம் ஊர்த் தண்ணீரையே அரை நிமிடம் தித்திக்க வைத்த காய் அது. அந்த ஏக்கத்தில் எழுத உட்கார்ந்தேன்.

தெரிந்ததையெல்லாம் எழுதினேன். ‘சி’ வைட்டமின் நிறைய. ஈறில் ரத்தம் வந்தால் நல்லது. தேனில் ஊறவைத்துத் தின்றால் இருமல் கேட்கும். இடித்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவினால் முடி கறுக்கும். தயிர்ப் பச்சடி செய்யலாம், ஊறுகாய் போடலாம், லேகியம் கிண்டலாம். இவையெல்லாம் காலம் காலமாக நம் வீடுகளில் நடப்பவைதான்.

கிணற்றில் நெல்லிக்கட்டை போட்டால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகும் என்றும் எழுதினேன். திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கிணறு கடல் தண்ணீருக்கு ஒரு படிதான் மேல். அப்பா எங்கிருந்தோ நாலு நெல்லிக்கட்டையை வாங்கி வந்து கயிற்றில் கட்டி இறக்கினார். ஒரு வாரம் கழித்து ஒரு வாளி இறைத்து எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்துவிட்டு, “இன்னா, நல்லா கீதா?” என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றோம். அக்காதான் முதலில் சொன்னாள். தண்ணீர் உப்பாகத்தான் இருந்தது. கட்டுரையில் நான் அதை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியிலும் நெல்லிக்காய் ஆகாது என்று பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி அம்மா சொல்வார். காரணம் எனக்குத் தெரியாது. ‘நம் முன்னோர் வகுத்த விதி’ என்று போட்டு அதையும் சேர்த்துக்கொண்டேன்.

எல்லாம் எழுதியும் பக்கம் நிறையவில்லை, நாலு வரி குறைந்தது. கடைசிப் பத்திக்குக் கொஞ்சம் வேகம் வேண்டும் என்றும் தோன்றியது. சர்க்கரைக்கு நெல்லி நல்லது என்று எல்லோரும் சொல்வதுதானே. ‘நல்லது’ என்று முடித்தால் சப்பென்று இருந்தது. ‘மாத்திரைக்கே வேலை இருக்காது’ என்று எழுதினேன். யாரையும் கேட்கவில்லை, எதிலும் பார்க்கவில்லை. படிக்க நன்றாக இருந்தது என்பதைத் தவிர அந்த வரிக்கு வேறு ஆதாரம் கிடையாது.

இதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் திருத்தம் அரைகுறையாகிவிடும். எனக்கே சர்க்கரை என்று டாக்டர் சொன்னபோது நெல்லிக்காய் என் நினைவுக்கே வரவில்லை. நேராக மருந்துக் கடைக்குப் போனேன். நான் எழுதியதை நானே நம்பவில்லை. அக்கா நம்பினாள்.

4

புதன்கிழமை நாலரை மணிக்குப் போன் போட்டேன். அங்கே மதியம் பன்னிரண்டு. தொலைபேசி அட்டையின் எண்ணை இரண்டு தடவை தப்பாக அமுக்கினேன். மாமா எடுத்தார். அக்காவின் வீட்டுக்காரர், ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். அக்கா காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

“மாமா, அக்கா மாத்திரை சாப்பிடறாளா?”

“அத்த ஏன் மாப்ள கேக்கற. கார்த்தால எந்திரிச்சா மிக்சியப் போட்டுக்கினு நெல்லிக்கா ஜூஸு. என்னியும் குடிக்கச் சொல்லி ஒரே ரோதன. கேட்டா, தம்பி எய்திகீறான்றா.”

“உடம்பு எப்படி இருக்கு?”

பின்னால் மீன்பாடி வண்டியின் சத்தம் கேட்டது.

“கால்ல ஒரு புண்ணு கீது. எறா முள்ளு குத்திச்சாம், கொட்டாயில. ஒரு மாசம் ஆவுது. ஆறல. கட்ட வெரலு பக்கத்துல ரெண்டு வெரலு கறுத்துகினு வருது.”

“ஆஸ்பத்திரியில காட்டலியா?”

“வலிச்சாத்தான காட்டுவா? வலியே இல்லன்றா மாப்ள. நெல்லிக்கா துன்றதால வலி தெரியலயாம். அக்கம் பக்கம் எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறா.”

சர்க்கரை உள்ளவர்களின் காலில் வலி தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு மாதங்களுக்கு முன்னால்தான் நர்ஸ் ஒருத்தி எனக்குப் பாடம் எடுத்திருந்தாள். ஓர் ஊசி நுனியை என் உள்ளங்காலில் அங்கங்கே வைத்து, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டாள். தெரியாமல் போகும் நாளில்தான் பயப்படவேண்டும் என்றாள். அந்த நாள் அக்காவுக்கு வந்து எத்தனை மாதம் ஆயிற்றோ. அவள் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் செருப்பில்லாமல் நிற்கிறவள். வலிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு நிற்கிறாள்.

5

மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டேன். இங்கே பதினோரு மணி ஆகும்வரை வீட்டுக்குள்ளேயே நடந்தேன். அங்கே காலை ஆறரை, அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் பிடித்துவிடலாம். பிடித்துவிட்டேன்.

“இன்னாடா தம்பி, கார்த்தாலயே? வூட்ல எல்லாரும் சொகமா? பார்சல் வந்துச்சா?”

“மாத்திரையை ஏன்க்கா அனுப்பினே?”

“நீதானடா சொன்ன, டாக்டரப் பாக்கவே மூணு வாரம் ஆவுதுன்னு. அதுவரிக்கும் மாத்திர இல்லாம இன்னா பண்ணுவ? வரிசைல நின்னு வாங்கலன்னா சீட்ட கிழிச்சிடுவாங்கன்னு வாங்கி வெச்சது, எங்கிட்ட சும்மாத்தான கெடக்குது. சக்கரைன்னா எல்லாருக்கும் இதே மாத்திரதான.”

“உனக்கு வேணாமா?”

“எனக்கு எதுக்கு? மிக்சி வாங்கனதுலேர்ந்து அஞ்சு மாசமா நெல்லிக்கா குடிக்கறேன். ஞாயித்துக்கெயம மட்டும் மாத்திர போட்டுக்குவேன்.”

“ஞாயித்துக்கெழம மட்டுமா? ஏன்?”

“அன்னிக்குத்தான் நெல்லிக்கா ஆவாதே. நீதான எய்தியிருக்க.”

உறைக்கு நான்கு மாத்திரை குறைந்ததன் கணக்கு அப்போதுதான் எனக்குச் சரியானது. வாரத்துக்கு ஒரு ஞாயிறு, அன்றைக்கு இரண்டு. நான் எழுதியதில் ஒரு வரியைக்கூட அக்கா தவறவிடவில்லை. பூசைக்குப் போய் வந்து, பைபிள் வைத்திருக்கும் அலமாரியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கி, ராத்திரி இன்னொன்று. மற்ற ஆறு நாளும் மிக்சி.

“அக்கா, அது தப்பு. நான் எழுதினது தப்பு. நெல்லிக்காய் மாத்திரைக்குப் பதில் ஆகாது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. காலைக் காட்டு.”

“போடா. போன்ல சொல்றது வேற, புக்குல போட்றது வேற. புக்குல தப்பா போடுவாங்களா?”

“நான்தானே போட்டேன்! தெரியாம போட்டேன்க்கா. சும்மா எழுதினேன்.”

“நீ சும்மா எய்தமாட்ட” என்றாள் அக்கா. “எனக்குத் தெரியாதா ஒன்ன? இப்ப ஒனக்கும் சக்கர வந்துட்ச்சி, அந்தப் பயத்துல பேசற.”

கத்தினேன். அழுதேன் என்றும் சொல்லலாம். அவளுக்கு என்மேல் இருந்த நம்பிக்கையை அவளிடமே பேசி உடைக்கவேண்டியிருந்தது, அதற்கு எனக்கு வார்த்தை போதவில்லை. எதைச் சொன்னாலும் அதைவிட அந்த அச்சடித்த பக்கத்துக்கு மதிப்பு அதிகம். கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள். “செரி, அப்ப ஒண்ணு பண்ணு. தப்புன்னு புக்குல போடு. படிச்சிட்டு முய்ங்கறேன்.”

ரீனா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வீட்டுத் தமிழ் பாதி புரியும், பேச வராது. வராது என்பதுகூட இல்லை, பேசிப் பார்த்து நாங்கள் சிரித்துவிட்டதில் எட்டு வயதோடு நிறுத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவள் வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“அத்தை” என்றாள். “கால்... டாக்டர்... போ. ப்ளீஸ்.”

போனிலிருந்து அக்காவின் குரல் எனக்கே கேட்டது. “அய்ய! கொயந்த தமிய் பேசுது! யோவ், இங்க வா, ரீனா தமிய் பேசுது. இன்னும் பேசு கண்ணு, பேசு.”

ரீனாவிடம் வேறு வார்த்தை இல்லை. அதே மூன்றையும் திரும்பச் சொன்னாள். கால், டாக்டர், போ. மூன்றாவது தடவை சொல்லும்போது அழுதுவிட்டாள். பிறகு அக்கா, “செரிம்மா. போறேன். நீ அழாத” என்றாள். நான் அரை மணி நேரம் கத்தி நடக்காதது அப்படி நடந்தது.

6

அந்தப் படிவத்தில் மூன்று கட்டம் இருந்தது. சொந்தச் செலவில் சுத்திகரிப்பதா, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவதா, அழிப்பதா. மாத்திரைகளுக்கு முதல் கட்டம் பொருந்தாது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அலுவலகத்துக்குப் போன் செய்தால் இருபது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். மாத்திரை ஏன் இன்னொருவர் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். என் அக்காவுடையது என்றேன். அப்படியானால் அவர் எதைச் சாப்பிடுகிறார் என்று கேட்டார். நல்ல கேள்வி.

அடுத்து அந்தக் கறுப்புத் தூள் என்னவென்று கேட்டார். ராயபுரத்தில் மொட்டை மாடி வைத்திருக்கும் யாருக்கும் இந்தச் சந்தேகம் வராது. ஹார்பர் பக்கம் இறங்கும் நிலக்கரி காற்றில் வந்து கொடித் துணியிலும் வற்றலிலும் படிந்துவிடும். அக்கா மெல்லிய வேட்டியை மேலே போட்டுத்தான் காயவைப்பாள், அப்படியும் கொஞ்சம் இறங்கிவிடும். நிலக்கரி என்றேன். பழத்தில் நிலக்கரி எதற்கு என்றார். “காற்று” என்றேன். அதற்குமேல் என் ஆங்கிலம் நகரவில்லை. ரீனா வாங்கி மீதியைச் சொன்னாள்.

திருப்பி அனுப்பினால் அக்கா அதை நான் வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வாள். அதுவும் போக, அந்த உறைகளெல்லாம் பெட்டிக்குள் இத்தனை வாரம் எந்தச் சூட்டில் கிடந்ததோ, அந்த மாத்திரை திரும்ப அவள் வாயில் போவதும் ஆபத்து. அழிப்பது என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு கிலோ நெல்லிக்காய், இருநூற்று அறுபத்துநான்கு மாத்திரை, அக்கா வீட்டு மாடிக் காற்று, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து.

“அவங்களுக்கே வேணுங்கற மருந்தை ஏன் நமக்கு அனுப்பினாங்க?” என்று ரீனா ஆங்கிலத்தில் கேட்டாள். பேனாவை மூடிப் படிவத்தை அவளிடம் நீட்டினேன். அவள் படிவத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டினாள்.

7

ரீனா போனில் பேசிய அன்றைக்கே மாமா அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டார். சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த பத்து நாள் நான் எப்படி வேலை செய்தேன் என்று எனக்கே தெரியாது. ரயில் பெட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒரே திருகை மூன்று முறை முடுக்குவேன். முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வருமோ என்று டாக்டர்கள் பேசிக்கொண்டதாக மாமா ஒரு நாள் சொன்னார், மறுநாள் அப்படியில்லை என்றார், அதற்கு மறுநாள் இரண்டு நாள் பார்க்கலாம் என்றார்கள் என்றார். டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பட்டுமா என்று கேட்டேன். “நீ வந்தா அவ பயந்துடுவா மாப்ள. நீ வராத வரிக்கும் சின்னப் புண்ணுன்னு நெனச்சிகினு கீறா” என்றார்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இப்போதைக்குத் தப்பியது என்றுதான் டாக்டர் சொல்கிறார், இன்னும் சில மாதம் விடாமல் பார்க்கவேண்டுமாம். இறால் கொட்டகைக்கு இனிமேல் போகக்கூடாது. மாத்திரையோடு இப்போது ஊசியும் உண்டு. நெல்லிக்காய் தின்னலாமா என்று அக்கா அந்த டாக்டரையே கேட்டிருக்கிறாள். தாராளமாகத் தின்னுங்கள், பச்சடி செய்யுங்கள், ஆனால் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தின்னுங்கள், தினமும் எவ்வளவு தின்கிறீர்கள் என்பதை எங்களிடமும் சொல்லுங்கள் என்றாராம். என் கட்டுரையின் கடைசிப் பத்தி அப்படித்தான் முடிந்திருக்கவேண்டும். நாலு வரிக்குச் சரியாக வந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளோடு பேசினேன். பூசைக்குப் போகமுடியவில்லை என்று வருத்தப்பட்டாள். காலைப் பற்றி நான் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்.

“ஒனக்கு டாக்டரு கெடச்சாரா?”

“கெடச்சார்க்கா.”

“பார்சல் வந்துச்சா? மாத்திர போட்டுக்கறியா?”

“வந்துச்சு. போட்டுக்கறேன்.”

“அப்பாடா” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு இருந்த நிம்மதியை என்னால் தாங்கமுடியவில்லை. ரீனாவிடம் போனைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன்.

ஆகவே ஒரு திருத்தம் இரண்டு திருத்தமாகிவிட்டது. அக்கா, உனக்குப் புத்தகத்தில் வந்தால்தான் நம்பிக்கை என்பதால் இரண்டையும் புத்தகத்திலேயே சொல்கிறேன். பார்சல் வரவில்லை. நான்தான் கையெழுத்துப் போட்டு அழிக்கச் சொன்னேன். எனக்கு மாத்திரை முதல் நாளிலிருந்தே கிடைக்கிறது, நீ கவலைப்படும்படி எதுவும் இல்லை. நெல்லிக்காயைப் பற்றி நான் எழுதியதில் அந்த வரி பொய். படிக்க நன்றாக இருக்கும் என்று எழுதினேன். நம் கிணற்றுத் தண்ணீரும் உப்பாகத்தான் இருந்தது, உனக்கும் அது தெரியும்.

இந்தப் பக்கத்தை வெட்டி, பழைய பக்கத்தின் மேலேயே ஒட்டிவிடு. மாமாவிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல். காலை ஒரு மாத்திரை, இரவு ஒரு மாத்திரை. ஞாயிற்றுக்கிழமையும்.